கேசட்டின் இரண்டாம் பக்கம்

பழைய இந்திப் பாட்டு உசத்தியா, புதுப் பாட்டு உசத்தியா என்று எங்கள் வீட்டில் யாராவது ஆரம்பித்தால், அடுப்பைப் பார்க்கிற சாக்கில் நான் எழுந்துவிடுவேன். போன பெருநாளன்றுகூட என் மகளும் அவள் வாப்பாவும் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு மல்லுக்கட்டினார்கள். மெட்டு என்கிறார் அவர். தூக்கம் வருது வாப்பா என்கிறாள் இவள். இரண்டு பேருக்கும் இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது, அது வேறு விஷயம். எனக்கும்தான் தெரியாது. ஆனாலும் அந்தப் பழைய பாட்டு எங்காவது காதில் விழுந்தால் அது முடிகிறவரை நான் அங்கே நிற்கமாட்டேன். அதற்குக் காரணம் மெட்டு அல்ல, ஒன்பது வயதில் நான் செய்த வேலை.

காயல்பட்டினத்தில் கல்யாணமானாலும் பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்து போவார். அப்படி எங்களோடு இருந்தவள் என் உம்மாவின் தங்கை, எனக்குச் சாச்சி. கல்யாணமாகி நாற்பதாம் நாள் அவள் மாப்பிள்ளை, எங்கள் சாச்சா, சவூதிக்குப் போய்விட்டார். அங்கிருந்து யாராவது விடுப்பில் வந்தால், அவர்கள் பெட்டியில் சாச்சா பேசி அனுப்பிய ஒரு கேசட் இருக்கும். அதைக் கூடத்தில் போட்டு வீடே கேட்கும். முதல் பக்கம் முழுக்க சலாம்தான். பெரியவர்கள் தொடங்கி தொட்டில் பிள்ளை வரை ஒருவரையும் விடமாட்டார். பெண்டாட்டிக்கு மட்டும் ஒரே வரி. "உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று, அதையும் என் உம்மாவிடம் சொல்வதுபோலச் சொல்வார். கடைசியில், "மறுபக்கம் பழைய இந்திப் பாட்டு அடிச்சிருக்கேன், பிடிச்சவங்க கேளுங்க" என்பார். "இந்த அழுமூஞ்சிப் பாட்டை யாரு கேக்கது" என்று பெரியவர்கள் எழுந்துவிடுவார்கள். கேசட் சாச்சி கைக்குப் போகும். வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போனதும், சாச்சி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாம் பக்கத்தைப் போடுவாள்.

அந்த முறை கேசட் வந்தது ஒரு புதன்கிழமை. அடுத்த வீட்டு அக்காவிடம், லாத்தா என்போம், அப்போது ஒரு புது இந்திப் படத்தின் பாட்டு இருந்தது. டும் டும் என்று நெஞ்சே அதிரும். எங்கள் வகுப்பு முழுக்க அந்தப் பாட்டுப் பைத்தியம் பிடித்துத் திரிந்தது. காலில் விழாத குறையாகக் கேட்டு, ஒரே ஒரு நாள் இரவல் வாங்கினேன். பதிய வெறும் கேசட் வேண்டுமே! உம்மாவிடம் கேட்டால் முதுகில் ஒன்று விழும். சாச்சா கேசட்டின் இரண்டாம் பக்கம் ஞாபகம் வந்தது. சாச்சியைத் தவிர யாரும் கேட்காத பாட்டுதானே? அழிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லைச் சாச்சா உடைத்துத்தான் அனுப்பியிருந்தார். நான் விடுவேனா? அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். வியாழக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, பக்கம் முழுவதும் டும் டும்மைப் பதிந்தேன். அதில் என்ன இருந்தது என்று ஒரு நிமிஷம்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் சாச்சியின் அறைக்குள்ளிருந்து டும் டும் என்று கேட்டது. அவள் நிறுத்தவில்லை. கடைசிவரை ஓடவிட்டாள். அவளுக்கும் பிடித்துப்போய்விட்டதென்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் கதவு திறந்தது.

"ஏளா, இத நீதான் அடிச்சியா?"

"ஆமா சாச்சி."

"அடிக்கதுக்கு முன்னால கேட்டியா? கடைசியில என்ன இருந்துச்சு?"

"என்ன இருக்கும், பழைய பாட்டுதான்."

சாச்சி அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். உம்மா ஓடிவந்து, "ஒரு பாட்டுக்கா இந்த அழுகை அழுவுத?" என்றாள்.

"பாட்டுக்குத்தான்" என்றாள் சாச்சி.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் சாச்சி விஷயத்தைச் சொன்னாள். ஒவ்வொரு கேசட்டிலும் கடைசிப் பாட்டு முடிந்த பிறகு சாச்சா அவளோடு மட்டும் பேசுவாராம். பெரியவர்களை எழுப்பி அனுப்புவதற்குத்தான் அத்தனை பாட்டும். அழிந்துபோனதைக் கடுதாசியில் கேட்கவும் வழியில்லை, வீட்டில் எல்லாரும் படித்த பிறகுதான் உறையை ஒட்டுவார்கள். சாச்சி ரகசியமாகப் பேசி வைத்த கேசட், கொண்டுபோக ஆள் கிடைத்து, அங்கே போய்ச் சேர இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அவரிடமிருந்து அடுத்தது வந்துவிட்டது. பாட்டெல்லாம் முடிந்ததும் சாச்சா சொல்லியிருந்தார்: "ஒப்பந்தம் முடியுது, ஊருக்கே வந்துரட்டுமா, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கட்டுமான்னு கேட்டேனே. நீ ஒண்ணும் சொல்லலியே. நீ இருக்கத்தான் சொல்லுதன்னு எடுத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டேன்."

அந்த இரண்டு வருஷம் முடிய நாலு மாதம் இருக்கும்போது அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். சாச்சிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. நாற்பது நாள் வாழ்க்கை, ஒரு அட்டைப்பெட்டி கேசட், அவ்வளவுதான் அவளுக்கு மிச்சம். "நீ சின்னப்புள்ள, உனக்கென்ன தெரியும்" என்று என்னிடம் சொன்னாள். அதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். நான் என்னை மன்னிக்கவில்லை, இனி மன்னிக்கப் போவதும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இதில் ஒன்றும் தெரியாதே. பாட்டு போனதற்குத்தான் அழுகிறாள் என்று முழுக்க நம்பினேன். மூன்று தெரு தாண்டி ஒரு தோழி வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி, பழைய இந்திப் பாட்டுக் கேசட் ஒன்று வாங்கிவந்து சாச்சி மடியில் வைத்தேன்.

"இதுல எல்லாமே பழசுதான் சாச்சி. ஒண்ணுகூடப் புதுசு இல்ல."

சாச்சி என் முகத்தைப் பார்த்தாள். கேசட்டை எடுத்துப் போட்டாள். பாட்டுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசிப் பாட்டும் முடிந்து, நாடா வெறுமனே இரைந்துகொண்டு ஓடியது. சாச்சி குனிந்து டேப் ரிக்கார்டரில் காதை வைத்தாள். நாடா தீர்ந்து டக்கென்று நிற்கும்வரை அவள் நிமிரவேயில்லை. முடிந்த பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை, நான் கொண்டுவந்த பாட்டு அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்து, அன்றைக்கு நான் நிம்மதியாக விளையாடப் போனேன்.