ஒரே வாரில் இரண்டு குடுவை

விடிந்ததும் கலோண்டு வேலமரத்தடியைக் கூட்டுவாள். வீட்டு முற்றம் அப்புறம்தான். கிளைகளில் தொங்கும் குடைந்த மரத்துண்டுத் தேன்கூடுகளுக்குக் கீழே செத்து உதிர்ந்து கிடக்கும் தேனீக்களை ஒதுக்கி, மண்ணை ஊதிப் போக்கி, ஒரு சுரைக்குடுவையில் போட்டு மூடுவாள்.

மக்குவேனி வட்டாரத்தில் தேனுக்கு மரம் ஏறுவது ஆண்கள் வேலை. கணவன் செத்தபின் அவன் கால்சட்டையை மாட்டிக்கொண்டு இவளே ஏறுகிறாள். தண்ணீர் எடுக்கும் பெண்கள் சிரித்தால், "கீழ நின்னு பாக்குறவளுக்குத்தான்டி வெக்கம். மேல நல்லா காத்து வருது" என்பாள்.

செத்த ஈயைப் புரட்டிப் பார்த்துக் காரணம் சொல்வாள். "பசியில போனது கூட்டு அறைக்குள்ள தலைய வுட்டுக் கெடக்கும். இது வெளிய வந்து நாக்க நீட்டிருக்கு பாரு. மருந்து குடிச்சது."

மருந்து, பக்கத்து நிலத்துக்கார முசெம்பியின் தர்பூசணி வயலில் அடிப்பது. பூ விரிந்து ஈ மொய்க்கும் காலையில்தான் அடிப்பான். பூ மூடியபின் சாயங்காலம் அடிக்கச் சொல்லி அவளும் கேட்டுச் சலித்துவிட்டாள். கூட்டை வேறு பக்கம் மாற்றிக்கொள் என்றான் அவன். "என் ஈ வந்து ஒக்காராம ஒன் பூ எப்படிடா காயாவும்? நான் நகர மாட்டேன். ஒன் மருந்து நகரட்டும்" என்றாள். அதற்குள் பாதிக் கூடுகளில் இரைச்சல் ஓய்ந்துவிட்டது.

போன வாரம் முசெம்பியே வந்து நின்றான். மகனுக்குப் பெண் பேசி முடிக்க மறுநாள் போகிறார்கள். கடைத்தேன் ஆகாது, குலக்குறி சுட்ட தோல்வாரால் கட்டிய குடுவை வேண்டும், வார் அறுபடாமல் வரவேண்டும் என்று பெண்வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவன் குலத்தில் தேன் வைத்திருப்பவள் இவள் ஒருத்திதான்.

"கோவத்த அப்புறம் பாத்துக்கலாம் அக்கா. பையன் கல்யாணம்."

"யாருடா தர மாட்டேன்னா?"

உள்ளே போய்த் தேன்குடுவையைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்திலேயே மற்றக் குடுவையையும் வைத்தாள். அவன் அதை எடுத்து ஆட்டிப் பார்த்தான். சருகு போல் சலசலத்தது.

"ரெண்டும் ஒன்னாத்தான் போவும். சபையில ரெண்டையும் தொற. இது என்னன்னு கேட்டா நீயே சொல்லு."

"காறித் துப்புவாங்கக்கா."

"துப்பட்டும். எம் மூஞ்சியிலயா துப்பப் போறாங்க?"

குறி சுட்ட வாரை எடுத்துத் தண்ணீரில் நனைத்தாள். ஊறிய தோல் காய்ந்தால் முடிச்சு அவிழாது என்பது முசெம்பிக்கும் தெரியும். இரண்டு குடுவைகளின் கழுத்தையும் சேர்த்துச் சுற்றி, பல்லால் கடித்து இழுத்து முடிந்து, வெயிலில் வைத்தாள்.