ஓம் என்றால் மந்திரமாம்!

"டொச் மொழி இந்த நாட்டோட சரி, பிள்ளையை இங்கிலிஸ் பள்ளிக்கூடத்தில விடுங்கோ" என்று எத்தனையோ பேர் சொல்லியும் கேட்காமல், மகளை டொச்சில், அதாவது ஜெர்மனில், படிப்பிக்கும் பள்ளியில் சேர்க்க இன்று கூட்டிப்போனேன்.

ஆசிரியை ஜெர்மனில் மகளிடம் கேட்டார்: "உனக்குத் தம்பி இருக்கிறானா?"

"ஓம்."

"படம் வரையப் பிடிக்குமா?"

"ஓம்."

உடனே என் பக்கம் திரும்பி, "வீட்டில் தியானம் செய்வீர்களோ? பதில் சொல்லாமல் மந்திரம் சொல்கிறாளே!" என்றார். படிவத்தில் 'ஜெர்மன் புரியவில்லை' என்று எழுதியும்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! கேள்வி புரிந்ததால்தானே பிள்ளை ஓம் என்றாள்? அது யாழ்ப்பாணத்து 'ஆமாம்' என்று விளக்கி, அந்த வரியை வெட்டவைத்த பிறகுதான் எழுந்தேன்.

வெளியே வந்ததும் மகள், "அம்மா, ரீச்சருக்குத் தமிழ் விளங்காதோ?" என்றாள்.

அந்த ரீச்சரை எந்தத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கலாம், சொல்லுங்கோ.