என்னை ஆபீசர் என்று நினைத்துவிட்டார்

சென்னையில் பதினைந்து வருடமாக வேலை. என் பேச்சும் அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. ஊருக்கு வந்திருந்தபோது அக்கா மகளுக்குப் பிரசவ வலி வந்தது. "அம்மா வந்தாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன்" என்று அழுதாள். அக்கா தாயில்பட்டியில் பட்டாசு ஆலையில் இருந்தாள். ஆலைக்குள் செல்போன் கூடாது. பைக்கில் பறந்தேன்.

"மாரியம்மான்னு ஒருத்தங்க இங்க வேலை செய்றாங்களா சார்?" என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"அப்படி யாரும் இல்லீக" என்று கேட்டைச் சாத்தினார்.

எனக்குப் பதறிவிட்டது. "எண்ணே, அவ மக வலில கெடக்கா! கூப்பிடுங்கண்ணே!" என்று கத்தினேன்.

"ஏலே, நம்மூர்க்காரனா நீ? பதிவில்லாத ஆளுகளத் தேடிச் சோதனைக்கு வந்த ஆபீசர்னுல்ல நெனச்சேன்!" என்றவர் அக்காவைக் கூப்பிட ஓடினார்.

அக்கா வந்த பிறகே மகள் ஆட்டோவில் ஏறினாள். ஆஸ்பத்திரிக்குப் போன பத்தாவது நிமிடம் பெண் குழந்தை பிறந்தது!

இப்போதெல்லாம் ஊருக்கு வரும்போது, பஸ் எங்கள் ஊர்ப்பக்கத்துத் திருமங்கலத்தைத் தாண்டியதுமே பக்கத்து சீட்டுக்காரரிடம் ஊர்ப் பேச்சை ஆரம்பித்துவிடுகிறேன்.