வெர்னா அண்ணியின் மாட்டு மணி

சஸ்கட்டூனில் ஸ்கூல் பஸ் ஓட்டும் வெர்னா ஹ்ரிசாக் என் கணவரின் அக்கா. மைனஸ் நாற்பது குளிரில் மற்ற டிரைவர்கள் லீவு சொல்ல வழி தேடும்போது இவர் பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். அப்படியொரு பிடிவாதம். எங்கள் ஐஸ் ஹாக்கி அணி கோல் போட்டால் ரசிகர் மன்றத்தின் மாட்டு மணியை அடிப்பதும் அவர்தான். இருபத்தாறு வருடமாக அது அவர் கையில்தான் இருந்தது.

அணியை ஆறு வருடமாகப் 'புதிதாகக் கட்டுகிறார்கள்'. நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் அனுப்பியாயிற்று. கட்டியதுதான் ஒன்றையும் காணோம். கடைசி இடத்தில் நிற்கும் அணிக்குத்தான் புதுப் பையன்களில் முதல் ஆளை எடுக்கும் உரிமை. போன சீசனின் கடைசி ஆட்டம் வந்தபோது எங்களுக்குக் கீழே யாருமில்லை. ஜெயித்தால் ஒரு படி ஏறிவிடுவோம், அந்த முதல் பையன் போய்விடுவான். ஊரே தோல்விக்கு வேண்டிக்கொண்டது, கண்றாவி!

மன்றத் தலைவர் ஓரெஸ்ட் கூட்டம் போட்டார். "நாளைக்கு நம்மாளு கோல் போட்டா மணி அடிக்கக் கூடாது. போன வருஷத்துக்கு இந்த வருஷம் எவ்வளவோ தேவல. அந்தப் பையனும் வந்துட்டா போதும்."

"எதுய்யா தேவல?" என்றார் அண்ணி. "ஆறு வருஷமா தோக்கப் பழக்கியாச்சு. திடீர்னு ஜெயின்னா எங்கேருந்து ஜெயிப்பான்?"

"அடிச்சா மணியைத் திருப்பிக் குடுத்துடணும். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

எல்லாரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். வெட்கக்கேடு, தூக்கினேன்.

"இறக்குடி மார்லீன், கை வலிக்கப் போவுது" என்றார் அண்ணி என்னைப் பார்த்து.

மறுநாள் இரண்டுக்கு இரண்டு. முடிய இரண்டே நிமிடம். முப்பத்தைந்து வயது டெல்மார், அடுத்த வருடம் வேண்டாமென்று அணி சொல்லிவிட்ட ஆள், கோல் போட்டார். மட்டையைத் தூக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். எழவு வீடு மாதிரி இருந்தது அரங்கம்.

அண்ணி எழுந்தார். கணகணவென்று அடித்தார், கை ஓயும்வரை. டெல்மார் எங்கள் வரிசையை அண்ணாந்து பார்த்து மட்டையை ஆட்டினார். ஆட்டத்தை ஜெயித்தோம்.

ஓரெஸ்ட் படியேறி வந்து கையை நீட்டினார். "குடு."

"இந்தா, வச்சுக்கோ. எந்தக் கோலுக்கு அடிக்கலாம்னு யோசிச்சு யோசிச்சு அடி." சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. எனக்கு மட்டும்தான் கேட்டது.

அக்டோபரில் புது சீசனின் முதல் ஆட்டம். வாசலில் பைகளைத்தான் சோதித்தார்கள். அண்ணியின் ஜெர்சிக்குள் பார்க்கவில்லை. ஐந்துக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒரு கோலுக்கு ஓரெஸ்ட் மணி அடித்தார், பாவம், அவருக்கே கேட்டிருக்காது. எங்கள் வரிசையில் இரண்டு குண்டான் மூடிகள் மோதிக்கொண்டிருந்தன. ஒன்று அண்ணியுடையது, இன்னொன்று என்னுடையது.