டிராபிக் இருந்த நாள்

சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ‘டிராபிக்’ என்ற சொல்லுக்குப் பொருள் எழுத வேண்டி வந்தது. தடித்த அகராதிகளைப் புரட்டினால், அது முதலில் வண்டி நெரிசலைக் குறிக்கவே இல்லையாம். இத்தாலியப் பக்கம் வணிகத்துக்கு வழங்கிய சொல்லாம். அதற்கும் முந்தைய வேர் எது என்பதில் அறிஞர்களுக்கே இன்னும் தகராறு. சரக்கு போய் வருவதிலிருந்து ஆளும் வண்டியும் போய் வருவதற்கு வந்து, கள்ளச்சரக்கு, ஆள்கடத்தல் வரைக்கும் பொருள் நீண்டிருக்கிறது. எல்லாவற்றையும் எழுதினேன். எங்கள் வீட்டில் அதற்கு இருந்த பொருளை மட்டும் எழுதவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது அம்மா சிவகாசியில் ஆஸ்பத்திரி நர்ஸ். சில நாள் சாயங்காலம் போன் வரும். “இங்கன ஒரே டிராபிக்கா இருக்கு. நீங்க சாப்பிட்டுருங்க” என்பாள். அப்பா மறுபேச்சில்லாமல் எழுந்து டிவியை அணைத்துவிடுவார். பட்டாசு ஆலையில் விபத்து, அடிபட்டவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை அவர்கள் இருவரும் அந்த ஒரு சொல்லில் பேசி முடித்தார்கள். என் வகுப்பில் பக்கத்து ஊரான எம். புதுப்பட்டிப் பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லார் வீட்டிலும் ஆலை வேலைதான். ஓட்டை வாய்க்காரியான நான் மறுநாள் பள்ளியில் எதையாவது உளறிவிடக் கூடாதே என்ற பயம் அவர்களுக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிடம். அதற்குள் அப்படி என்ன டிராபிக் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. டிராபிக் நாளில் அம்மா தலைக்குக் குளித்த ஈரத்தோடு வருவாள். சாப்பிட மாட்டாள். ஜெபத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் முழங்காலில் இருப்பாள். வண்டிப் புகை ஆளை அந்தப் பாடு படுத்துகிறது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளியில் சாலைப் பாதுகாப்பு நாடகம் போட்டார்கள். நான்தான் டிராபிக் போலீஸ். காக்கிச் சட்டை, விசில், டெய்லர் அளவு தப்பித் தைத்த வெள்ளைத் தொப்பி. இடது கையை நீட்டினால் நில், வலது கையை வீசினால் போ. இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் பழகினேன். அம்மா லீவு போட்டுவிட்டு வருவதாகச் சத்தியம் செய்திருந்தாள். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டு விழாக்களும் டிராபிக்கில் போயிருந்ததால், இதற்கு வராவிட்டால் இனி எதற்குமே வரமாட்டாள் என்று நான் அப்பாவிடம் சொல்லியே இருந்தேன்.

மத்தியானம் அப்பா மட்டும் வந்தார்.

“அம்மா எங்கப்பா?”

“வந்துருவா. கொஞ்சம் டிராபிக்காம்.”

எங்கள் பள்ளி விருதுநகர் ரோட்டின்மேல் இருந்தது. கேட் வழியாகப் பார்த்தேன். டீக்கடை முன்னால் லாரி, அதை ஒட்டி டவுன் பஸ், பேப்பர் லோடு ஏற்றிய வேன், எதிரே சிமெண்டு லாரி. ஆக, அம்மாவைப் பிடித்து வைத்திருக்கும் டிராபிக் இதுதான். எனக்கோ அதைச் சரிசெய்யும் வித்தை தெரியும். மைக் கட்டுகிற அமளியில் யாரும் கவனிக்கவில்லை. ரோட்டில் இறங்கி, விசிலை ஊதி, சிமெண்டு லாரிக்கு நேராக இடது கையை நீட்டிவிட்டேன்.

டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டு எட்டிப் பார்த்தார். “ஏ பாப்பா! எங்கள எதுக்கு நிப்பாட்டிருக்க?”

“எங்கம்மா வரணும்.”

அவர் சிரிப்பதற்குள் ஊர்ப்பக்கமிருந்து சைரன் கேட்டது. சிரிப்பு நின்றது. லாரியை ஓரங்கட்டிக் குதித்து, “வேனை ஒதுக்குங்கலே! மருதை பெரியாஸ்பத்திரிக்குப் போற வண்டிலே!” என்று கத்திக்கொண்டு ஓடினார். ரோடு நடுவில் திறந்தது. கண்ணில் வந்து விழுந்த தொப்பியைத் தள்ளக்கூட நேரமில்லாமல் வலது கையை வீசினேன். இரண்டு ஆம்புலன்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக என்னைக் கடந்து போயின.

அவை போன பிறகும் ரோடு வெறிச்சென்று கிடந்தது. இனி அம்மா வர என்ன தடை? ஸ்கூட்டரைத் தேடிக் கண் வலிக்கப் பார்த்துக்கொண்டு நின்றேன். பி.டி. மாஸ்டர் வந்து காதைத் திருகி இழுத்துப் போகும் வரை அம்மா வரவில்லை.

என் அழுத முகத்தைத் துடைத்துவிட்டு, அப்பா காகிதத்தை மடித்து உள்ளே வைத்துத் தொப்பியைத் தலைக்குப் பொருத்தினார். மேடையில் அது அசையவே இல்லை. நன்றாக நடித்தேன் என்றார்கள். எனக்கு ஆத்திரம்தான் இருந்தது.

அம்மா மறுநாள் மதியம்தான் வந்தாள், ஈரத்தலையோடு. வந்ததும் என் கன்னத்தைப் பிடித்தாள்.

“பாத்தேன்டா கண்ணு. அந்த வலது கைய எம்புட்டு அழகா வீசுன! தொப்பிதான் கண்ண மறைச்சிருச்சு.”

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. மேடையில் தொப்பி எங்கே கண்ணை மறைத்தது? “பொய்! தொப்பி சரியாத்தான் இருந்துச்சு. நீ வரவேயில்ல. பொய் சொன்னா இயேசப்பாவுக்குப் பிடிக்காது” என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஆமாடா. பொய்தான்” என்றாள்.

அதற்குப் பிறகும் இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வகுப்பில் புதுப்பட்டிப் பிள்ளை ஒருத்தியின் இடம் காலியாக இருந்தது. ஆச்சி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று டீச்சர் சொன்னதை நம்பினேன்.

போன மாதம் அகராதி வேலையைப் பற்றிச் சொன்னபோது, போனில் அப்பா சொன்னார்: “நீ ரோட்டுல போலீஸா நின்ன அன்னைக்கு, முதல் வண்டிக்குள்ள உங்கம்மாதான இருந்தா. உங்கூடப் படிச்ச அந்தப் புதுப்பட்டிப் பிள்ளையோட அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு.”