காற்றுச் செயலிக்கு ஒரு மனு

கடலில் காற்று எப்படி இருக்கும் என்று சொல்லும் அந்தச் செயலியை எங்கோ சில பேர் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருந்தார்கள். என்ன திருத்தம் வேண்டும் என்று எழுத ஒரு பக்கமும் வைத்திருந்தார்கள். இருபது வருடம் அரசாங்கக் கந்தோரில் கடிதம் எழுதியவள் நான். எனக்கா எழுதத் தெரியாது?

அண்ணா அப்போது இறக்கக்கண்டியில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் வள்ளம் நிற்கும் இடத்தில் சிக்னல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. செயலி ஒரு நாளில் முதல் தடவை திறக்கும்போதுதான் புதுக் காற்றை எடுக்கும்; அந்நேரம் சிக்னல் இல்லாவிட்டால் முன்பு எடுத்து வைத்த காற்றையே இன்றையது போலக் காட்டும். அப்படி ஒருநாள் பழைய காற்றை நம்பிப் போய், பாதி வலையை விட்டுவிட்டுத் தப்பி வந்தார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அந்தப் பதற்றத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் பந்தியில் நன்றி. இரண்டாவதில் மீனவர் படும் பாடு. பிறகு பெரிய எழுத்து, தமிழ், எச்சரிக்கை மணி என்று ஏழு கோரிக்கைகள். பழைய காற்று விஷயம் ஐந்தாவதாகக் கிடந்தது. கடைசியில், ஆவன செய்யுமாறு தாழ்மையுடன். என்ன கேட்கிறீர்கள் என்று விளங்கவில்லை எனச் சொல்லி என் மனுவை மூடிவிட்டார்கள். கோபம் தலைக்கேறியது.

ஞாயிற்றுக்கிழமை லிங்கநகர் வீட்டுக்கு மீனோடு வந்த அண்ணாவிடம் முழுவதையும் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"உன்ர மனுவை வாசிச்சு முடிக்க முதல் நான் கடலுக்குப் போயிட்டு வந்திடுவன்," என்றார்.

அப்படியென்றால் அன்றைக்கு நடந்ததை நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

"போனில காத்துக் குறைவு எண்டு கிடந்தது. அது எண்டைக்கு எடுத்த கதை எண்டு ஒரு இடத்திலயும் இல்லை."

அதையே எழுதினேன். அவர் கண்டது என்ன, கண்டிருக்க வேண்டியது என்ன, அதற்குக் கீழே ஒரு வரி: எப்போது எடுத்தது என்று காட்டுங்கள். வணக்கம்கூட இல்லை. செருப்போடு வீட்டுக்குள் போனதுபோல் கூச்சமாக இருந்தது.

சில கிழமைகளில் அந்த வரி செயலியில் வந்துவிட்டது. ஒருநாள் காலை அண்ணா வீதிக்கு வந்து சிக்னல் பிடித்து எனக்குப் போன் எடுத்தார். வள்ளத்தடியில் பார்த்தபோது இரண்டு நாள் பழையது என்று போட்டிருந்ததாம், கடலுக்குப் போகவில்லையாம். மத்தியானம் வீசிய காற்றில் கந்தோர் யன்னல்கள் அடித்துக்கொண்டன. நான் முகம் கழுவப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது அண்ணா மகளோடு குளிர்நாடு ஒன்றில் இருக்கிறார். வள்ளத்தை விற்றாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல் கேற் திறக்கும் சத்தம் கேட்டால் இன்னமும் மீன்சட்டியைத் தேடுகிறேன். போன கிழமை ஒரு நாள், அங்கே இரவாகியிருந்த நேரம் போனில் கதைக்கும்போது, அந்தச் செயலி இன்னும் போனில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஓம், கிடக்குது. பாக்கிறேல்லை," என்றார்.

பிறகு அவரே அதைப் படம் பிடித்து அனுப்பினார். இறக்கக்கண்டிக் காற்று. கீழே நான் கேட்டு வாங்கிய வரி: இன்று காலை எடுத்தது.