எஞ்சினுக்குள் இருந்த மீன்

என் தாய்மாமன் பொய் சொல்கிறார். முப்பது வருஷமாக ஒரே பொய்யைச் சொல்கிறார். அந்தப் பொய்யில் வரும் உருப்படாத பெண் நான்.

செங்கம் ரோட்டில் அவருடைய காபிக் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி, அதில் பதினோரு பொம்மை ரயில் எஞ்சின்கள். அந்தக் காலத்து நீராவி எஞ்சின்களைச் சின்னதாகச் செய்தவை, ஒன்றும் ஒரு முழம்கூட இருக்காது. யாராவது நின்று பார்த்தால் மாமா பத்து எஞ்சின்களுக்கும் ஒவ்வொரு வரி சொல்வார். வரிசையில் கடைசியாக வைத்திருக்கும் பதினோராவதற்கு மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். "இது எங்க தங்கச்சி பொண்ணு புளி போட்டுத் தேய்ச்சிப் பாழாக்கின ஜெர்மன் எஞ்சினு" என்று ஆரம்பிப்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

போன மாதம் அப்படி ஆரம்பித்தபோது நான் பக்கத்து மேஜையில் வடை தின்றுகொண்டிருந்தேன். "தோ, இவதான் அவ" என்று கையைக் காட்டினார். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். எனக்கு நாற்பது வயது. பாதி வடையை அப்படியே வைத்துவிட்டேன்.

நடந்தது என்னவென்று நான் சொல்கிறேன்.

அப்போது கடை கிடையாது. மாமா வீட்டு மாடியில் மூன்று அறைகளை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். தியானம் செய்ய வந்த ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு தகர எஞ்சினை அலமாரியில் விட்டுப்போனார். உலகத்தைத் துறக்க வந்தவர் எஞ்சினை எதற்குக் கொண்டுவந்தார் என்று தெரியாது. அவரை விட்டது மாமாவைப் பிடித்துக்கொண்டது. பாண்டிச்சேரியில் பழைய வெள்ளைக்கார வீட்டை இடித்துச் சாமானை விற்கிறார்கள் என்று யாராவது சொன்னால் போதும், பஸ் ஏறிவிடுவார். அத்தை தலையில் அடித்துக்கொள்வாள்.

நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து லீவுக்கு வருவேன். பத்து வயது. ஓர் இடத்தில் உட்கார மாட்டேன். எஞ்சின் கையில் இருந்தால் மட்டும் உட்காருவேன். அதனால் மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"முதல்ல கவுத்துப் பாருடி குட்டி. மேல இருக்கறது அலங்காரம். கீழதான் ஜாதகம்."

கவிழ்த்துப் பார்த்தேன். இங்கிலாந்துக்காரன் திருகாணி போட்டு முடுக்கியிருப்பான், சக்கரம் வார்ப்பில் கனமாக இருக்கும். ஜெர்மனிக்காரன் தகட்டில் நாக்கு மாதிரி வெட்டி, துளையில் நுழைத்து மடக்கியிருப்பான். நல்ல கம்பெனி என்றால் ஆணித்தலைகள் விரலில் தட்டுப்படும். மட்டமான கம்பெனி வெறும் புள்ளி அச்சடித்து ஏமாற்றும். சாவித் துளை எந்தப் பக்கம், எந்தப் பக்கமாகத் திரும்புகிறது, எல்லாம் அத்துப்படி. என் கண்ணைத் துண்டால் கட்டி, எஞ்சினைக் கையில் கொடுத்து, மாடியில் இருப்பவர்கள் முன்னால் பரீட்சை வைப்பார். அப்போது ஆறு எஞ்சின்தான். ஆறையும் சொல்வேன். மாமாவுக்குப் பெருமை தாங்காது. எனக்கு அதைவிட ஜாஸ்தி.

அந்தக் காலாண்டு லீவில் போனபோது ஏழாவது வந்திருந்தது. பச்சை உடம்பு. பக்கவாட்டில் ஒரு வட்டம், அதற்குள் தங்க நிறத்தில் வாத்து. ஜெர்மனியின் வாத்து முத்திரை கம்பெனி, கிடைப்பதே அபூர்வம் என்றார். மாடியில் அப்போது இருந்த நெட்டை வெள்ளைக்காரரிடம் ஒரு பித்தளை எஞ்சின் இருந்தது. அது சாவி எஞ்சின் இல்லை. ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தினால் தண்ணீர் கொதித்து, நிஜமாகவே புகை விட்டு ஓடும். வாத்தைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. ஆயுத பூஜை முடிந்ததும் கைமாற்ற வேண்டும்.

மாமா ஒரு வாரம் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய் வாத்தைப் பார்ப்பார். "அது வந்தா நீதான் முதல் தண்ணி ஊத்தணும்" என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். நானும் அவர் பின்னாலேயே நடந்தேன். பின்கட்டில் ஒரு கொட்டாங்குச்சியில் கறுப்பு மசியும் ஒரு பிரஷும் இருந்தன. எதற்கு என்று கேட்டேன். கரும்பலகைக்குப் பூச என்றார். அந்த வீட்டில் கரும்பலகை எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. "மாமா, இது வெயிட் கம்மியா இருக்குதே. ஆணி வேற வெறும் புள்ளியா இருக்குது."

"வாத்துன்னா வெயிட் கம்மியாத்தான் இருக்கும். தண்ணியில மெதக்கணுமா வேணாமா?"

நான் சிரித்தேன். நம்பியும்விட்டேன்.

ஆயுத பூஜை அன்று காலை அம்மாவும் வந்துவிட்டாள். குழாயடியில் அம்மாவும் அத்தையும் குத்துவிளக்கையும் அண்டாவையும் புளி போட்டுத் தேய்த்தார்கள். அன்றைக்கு வீட்டில் சைக்கிள் குளித்தது, அரிவாள்மணை குளித்தது. வெளிநாடு போகப்போகிற எஞ்சின் குளிக்காமல் போகலாமா? அவர்கள் உள்ளே போனதும் நான் வாத்தை எடுத்துவந்தேன்.

இரண்டே தேய்ப்பில் வாத்து போய்விட்டது. விரலெல்லாம் தங்கம். பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், கவிழ்த்து உள்பக்கத்தையும் தேய்த்தேன். உள்ளே பூசியிருந்த கறுப்பு கரைந்து ஓடியது. அதன் அடியில் ஒரு மீன்.

நீல மீன். வட்டக் கண். சுற்றிச் சிவப்பில் புரியாத எழுத்துகள். வாத்து போன துக்கமே எனக்கு மறந்துவிட்டது. சொட்டச் சொட்டக் கூடத்துக்கு ஓடினேன். மாமா, அத்தை, அம்மா, நெட்டை வெள்ளைக்காரர், எல்லோரும் இருந்தார்கள்.

"மாமா! உள்ள மீனு இருக்குது!"

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதுவரை மாமா என்னை அடித்ததில்லை.

"இன்னாடி பண்ண? ஜெர்மன் எஞ்சின புளி போட்டுத் தேய்ச்சிக்கினு வந்து நிக்கறியே!"

"புளியும் இருக்குது, மீனும் இருக்குது. அடுப்புல ஏத்திட வேண்டியதுதான்" என்றாள் அத்தை. அம்மா தன் அண்ணனைப் பார்த்துக் கைகூப்பினாள். "அண்ணா, தெரியாம பண்ணிட்டா. மன்னிச்சிடுண்ணா." அம்மா யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

வெள்ளைக்காரர் என் கையிலிருந்து எஞ்சினை வாங்கினார். கவிழ்த்தார். உள்ளே ரொம்ப நேரம் பார்த்தார். மாமாவிடம் திருப்பிக் கொடுத்தார். மாடிக்குப் போய் ஒரு சாக்லேட்டோடு இறங்கிவந்து என் கையில் வைத்தார். மறுநாள் அறையைக் காலி செய்துவிட்டார். பித்தளை எஞ்சினும் அவரோடு போய்விட்டது.

எல்லாம் என்னால்தான் என்றார்கள். அலமாரிப் பக்கம் நான் போகக் கூடாது என்றார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் புதுச் சாமான் எது வந்தாலும், "அவ கையில குடுக்காதீங்க, புளி போட்டுடுவா" என்கிறாள் அம்மா.

போன மாதம், மாமா உள்ளே காபி போடப் போன நேரத்தில் அலமாரியைத் திறந்தேன். கவிழ்த்தேன். போன் வெளிச்சத்தில் பார்த்தேன். மீன் அப்படியே இருக்கிறது, கண்ணை மூடாமல். தின்று போட்ட மீன் டப்பாவைப் பிரித்து, அந்தத் தகட்டைத் திருப்பிப் போட்டு எஞ்சின் செய்த மட்டமான கம்பெனிகள் அந்தக் காலத்தில் உண்டு. டப்பாவின் படம் உள்பக்கம் தங்கிவிடும். அதைத்தான் கொட்டாங்குச்சி மசி மூடியிருந்தது. எந்த ஜெர்மனிக்காரன் புளித்தண்ணிக்குக் கரைகிற பெயின்டில் வாத்து வரைவான்?

பத்து வயதில் எனக்கு இது தோன்றவில்லை. ஜெர்மனிக்காரனும் மீன் தின்பவன்தானே என்று நினைத்தேன். அறை வாங்கின பிள்ளை என்று பரிதாபப்பட்டு வெள்ளைக்காரர் சாக்லேட் கொடுத்தார் என்று நினைத்தேன். அந்த மனுஷன் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

மாமா, நீங்கள் பித்தளை எஞ்சினுக்கு ஆசைப்பட்டதில் எனக்குக் கோபமில்லை. நானும்தான் ஆசைப்பட்டேன். அறைந்ததைக்கூட விட்டுவிடுகிறேன். முப்பது வருஷம் என்னைக் காட்டிச் சிரிக்கவைத்தீர்களே, அதை விட மாட்டேன். வருகிற ஆயுத பூஜைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வருகிறேன். ஆள் நிறைந்திருக்கும்போது அந்தப் பதினோராவது எஞ்சினை வெளியே எடுங்கள். கவிழ்த்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தானே? கவிழ்த்துக் காட்டுங்கள். அந்த மீன்மேல் மசி பூசியது யார்? எல்லார் எதிரிலும், என் அம்மா முகத்தைப் பார்த்து, பதில் சொல்லுங்கள்.